பண்டாரியின் மூக்கு

"என் பயத்தை எடுத்துடுங்க பாவா."

வந்து நின்ற வேகத்தில் உதுமான் நெய்னா சலாம் சொல்லக்கூட மறந்துவிட்டார்.

ஜலால் பாவா அறுந்துபோன தஸ்பீஹ் மாலையின் மணிகளைக் கோத்துக்கொண்டிருந்தார். நூலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"எந்தப் பயம் காக்கா?"

"இந்தப் பயம்னு இல்ல. காலையில எந்திரிச்சா பயம். அடுப்பைப் பத்த வச்சா பயம். சட்டி கொதிக்க ஆரம்பிச்சா நெஞ்சு படபடன்னு அடிக்குது."

"எதுக்கு?"

நெய்னா உருண்டு வந்த ஒரு மணியை எடுத்து நீட்டினார்.

"தெரியலை" என்றார்.

அது பொய். எதற்குப் பயம் என்று அவருக்கு நன்றாகவே தெரியும்.

பாவா ஒரு மணியைக் கோத்தார்.

"எடுத்துடலாம்."

நெய்னா நிமிர்ந்தார்.

"ஓதி ஒரு ஊது ஊதினாப் போதும், போயிடும். ஆனா ஒண்ணு காக்கா. போனதைத் திரும்பக் கொண்டுவர எனக்குத் தெரியாது."

"திரும்ப எதுக்கு பாவா? அது என்ன தொலைஞ்சுபோன ஆடா, தேடி அலைய?"

"கந்தூரி முடியட்டும். அப்பவும் வேணாம்னு சொன்னா ஊதிடறேன்."

"அதுவரைக்கும்?"

"அதுவரைக்கும் வச்சிருங்க."

குரு என்றால் வெள்ளைத் தாடி இருக்க வேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை. ஜலால் பாவாவுக்கு நெய்னாவின் மூத்த மகன் வயதுதான் இருக்கும். அதனால் பாவா நெய்னாவைக் காக்கா என்பார், மூத்தவரை அண்ணன் என்கிற முறையில். நெய்னா அவரைப் பாவா என்பார், அவர் சொன்னால் மறுபேச்சுப் பேசமாட்டார்.

நெய்னா பாதி ஆயுளைக் கப்பலில் கழித்தவர். கப்பல் சமையல்காரரைப் பண்டாரி என்பார்கள். கரையேறிய பிறகும் அந்தப் பெயர் போகவில்லை. கடலோரத்தில் பாவாவின் பாட்டனார் அடங்கிய தைக்காவில் அடுப்பைப் பார்த்துக்கொண்டு, ஞானம் கிடைத்தால் அதையும் வாங்கிக்கொள்ளலாம் என்று தங்கிவிட்டார்.

வெள்ளிக்கிழமை தோறும் தைக்காவுக்கு வருகிற எல்லோருக்கும் அவர் கை ஆணம்தான். மற்ற ஊர்க்காரர்கள் குழம்பு என்பதை அந்தப் பட்டினத்தில் ஆணம் என்பார்கள்.

மீன் தலைகளை வேகவிட்டுச் சாற்றை வடித்துக்கொள்வார். பூண்டும் வெங்காயமும் வதங்கியதும் தக்காளியைக் கொட்டித் தோல் சுருளும்வரை விடுவார். அதில் சாறு, அதில் பாறைமீன், இறால், கணவாய். இறக்கும்போது வெந்நீரில் ஊறிய குங்குமப்பூ. மூடியைத் திறந்தால் கடற்கரையில் வலை இழுப்பவன்கூடத் திரும்பிப் பார்ப்பான்.

அதைவிடப் பேர்போனது அவர் மூக்கு. கூடை வாசலுக்கு வரும்போதே மீன் இன்று பிடித்ததா நேற்றுப் பிடித்ததா என்று சொல்லிவிடுவார். குங்குமப்பூ வாங்குகிறவர்கள் டப்பாவைக் கொண்டுவந்து அவர் முன்னால் திறப்பார்கள். அவர் தலையை ஆட்டினால் அசல். முகத்தைத் திருப்பினால் அதைக் கொண்டுவந்தவன் அந்தப் பக்கமே வரமாட்டான்.

அந்த மூக்கு மழைக்காலத்தில் வந்த ஒரு காய்ச்சலில் போய்விட்டது.

காய்ச்சல் இறங்கிய அன்று கஞ்சியைக் கொடுத்தார்கள். உப்பு தெரிந்தது. காரம் தெரிந்தது. மற்றபடி அது வெறும் வெந்நீர். பூண்டை நசுக்கி மூக்கில் வைத்துப் பார்த்தார். கருவாட்டை வைத்துப் பார்த்தார். ஒன்றுமே இல்லை.

நாளாக நாளாகச் சரியாகிவிடும் என்று நினைத்தார். சரியாகவில்லை.

யாரிடமும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? கண் தெரியாதவன் மாலுமி என்றால் யார் கப்பலில் ஏறுவார்கள்? கை பழகிய கணக்கில் ஆக்கினார். உப்பையும் புளிப்பையும் நாக்கு பார்த்துக்கொண்டது. சாப்பிட்டவர்கள் விரலை நக்கிக்கொண்டு போனார்கள். ஒருவருக்கும் தெரியவில்லை.

ஒருவருக்கும் தெரியவில்லை என்பதுதான் அவரை அதிகம் பயமுறுத்தியது.

பாட்டனார் பேரில் ஆண்டுதோறும் நடக்கும் கந்தூரி விருந்துக்கென்று நூகு லெப்பை ஒரு டப்பா குங்குமப்பூ கொண்டுவந்தார். தைக்காவுக்கு அவருடைய நேர்த்திக்கடன்.

"காக்கா, உங்க மூக்கு என்ன சொல்லுது?"

நெய்னா டப்பாவை வாங்கினார். மூச்சை இழுத்தார். கண்ணை மூடிக்கொண்டார், எப்போதும் செய்வதுபோல.

"அசல்" என்றார்.

லெப்பை முகமெல்லாம் சிரிப்பாகப் போனார்.

அவர் தலை மறைந்ததும் நெய்னா ஒரு கிண்ணத்தில் வெந்நீர் எடுத்து நாலு இழையைப் போட்டார். அசல் பூ மெதுவாக மஞ்சளாய்க் கசியும், இழை சிவப்பாகவே இருக்கும். இது போட்டதும் தண்ணீர் இரத்தமாகச் சிவந்தது. இழை வெளுத்து வைக்கோலாகிவிட்டது.

நெய்னா அந்தத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

இன்றைக்கு வைக்கோலை அசல் என்றாயிற்று. நாளைக்கு மீனை?

கிண்ணத்தைக் கவிழ்த்துவிட்டு நேராகப் பாவாவிடம்தான் ஓடினார். பயத்தை எடுத்துவிடச் சொன்னார். மூக்கைப் பற்றி மூச்சுவிடவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து பாவா எல்லோர் கையிலும் அத்தர் தடவினார். வழக்கம்தான். நெய்னாவின் முறை வந்தது. புறங்கையில் குளிர்ச்சியாகப் பட்டது.

"எப்படி இருக்கு காக்கா?"

நெய்னா கையை மூக்கருகே கொண்டுபோனார்.

"மாஷா அல்லாஹ். மல்லிகை."

பாவா அவரை ஒரு கணம் பார்த்தார். பிறகு அடுத்த ஆளிடம் போய்விட்டார்.

கந்தூரி நெருங்கியது. கடல் கொந்தளித்தது. படகு ஒன்றும் இறங்கவில்லை. நெய்னா கரைக்குப் போய் அலையைப் பார்த்துவிட்டு வந்தார். முழு மீனாக இருந்தால் கண்ணைப் பார்க்கலாம், செவுளைத் தூக்கிப் பார்க்கலாம். அதற்கு மூக்கு வேண்டாம். அந்த நம்பிக்கையில்தான் அவர் நாளை ஓட்டிக்கொண்டிருந்தார்.

கந்தூரி அன்று காலையில் தெற்குக் கரையிலிருந்து மீன் வண்டி வந்தது. ஒரு மீனுக்கும் தலை இல்லை. துண்டு போட்டுக் கழுவி, மஞ்சளும் உப்பும் பிசறி, ஓலைக் கூடைகளில் அடைத்திருந்தார்கள். ஐஸ் வழியிலேயே கரைந்து வண்டியெல்லாம் ஈரம்.

கண் இல்லை. செவுள் இல்லை. மஞ்சள் பூசிய துண்டுகள் மட்டும்.

தைக்கா முழுக்கச் சாம்பிராணிப் புகை. ஊரே கூடியிருந்தது. மீன் ஆய்கிற சவேரியாளுக்கு அன்று ஆய வேலை இல்லை. கூடைகளைத் தூக்கிவந்து அடுப்போரம் வைத்துக்கொண்டிருந்தாள். ஒரு கூடையை வைத்தவள் நிமிராமல் அப்படியே நின்றாள்.

"பண்டாரி, இந்தக் கூடை ஒரு மாதிரி இருக்கு."

நெய்னா கூடைப் பக்கம் திரும்பவில்லை.

"என்ன மாதிரி?"

"சொல்லத் தெரியலை. புகையில எனக்கும் மூக்கு மரத்துப்போச்சு. நீங்க ஒரு தடவை பாத்துச் சொல்லிட்டா சரி."

சுற்றிலும் வெங்காயம் உரிக்கிறவர்கள் கையை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தார்கள். எல்லோரும் சிரித்த முகமாகத்தான் பார்த்தார்கள். பண்டாரி மூக்கு இருக்கும்போது நமக்கென்ன என்ற முகம்.

நெய்னா குனிந்தார். நெஞ்சு நிறைய இழுத்தார்.

காற்று உள்ளே போனது. வெளியே வந்தது.

"சாம்பிராணிதான் உனக்கு அப்படித் தோணுது. நல்ல மீன். மத்த மீனோட போடு" என்றார்.

சவேரியாள் போட்டாள்.

அடுப்பு மூட்டியதும் தைக்காப் பூனைக்கு ஒரு துண்டு போடுவது நெய்னாவின் வழக்கம். அன்றும் அந்தக் கூடையிலிருந்து ஒரு துண்டை முதலிலேயே ஒதுக்கியிருந்தார். போட்டார்.

பூனை வந்தது. முகர்ந்தது. தலையைத் தூக்கி அவரைப் பார்த்தது. துண்டைத் தாண்டி நடந்து போய்விட்டது.

"கந்தூரி நாள். ஆளாளுக்குப் போட்டிருப்பாங்க. வயிறு முட்டியிருக்கும்" என்று நெய்னா தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

துண்டில் ஈ மொய்த்தது.

தக்காளி சுருண்டது. சாறு கொதித்தது. லெப்பை கொடுத்த பூவைப் போட்டதும் சட்டி முழுக்கச் சிவந்தது. பார்த்தவர்கள் என்ன நிறம் என்ன நிறம் என்றார்கள். நெய்னா ஆவிக்குள் முகத்தை விட்டார். கன்னம் வெந்தது. கண்ணில் தண்ணீர் வந்தது. வாசனை மட்டும் வரவில்லை.

இப்போது சொல்லலாம், என்று நினைத்தார்.

சட்டியை இறக்கிவிட்டுச் சொல்லலாம், என்று நினைத்தார்.

சட்டியை இறக்கினார்கள்.

ஊர் சிரிக்கும். கண்ணை மூடி மல்லிகை என்றவனாம், அசல் என்றவனாம். அடுப்பை வேறொருவன் கையில் கொடுப்பார்கள். தைக்காவில் ஒரு மூலையில் பாய் போட்டுக் கொடுத்துச் சாப்பாடும் போடுவார்கள், பாவம் என்று. அந்தப் பாவம் என்ற சொல்லை நினைத்ததும் அவருக்கு உடம்பு கூசியது.

சோறும் ஆணமும் சஹன்களில் போயின. நாலைந்து பேர் சுற்றி உட்கார்ந்து ஒன்றாகக் கைபோட்டுச் சாப்பிடும் பெரிய தாம்பாளம் அது. வரிசை வரிசையாக வைத்தார்கள். திரைக்கு அப்பால் பெண்கள் பக்கத்தில் ஒரு குழந்தை பசியில் சிணுங்கியது.

ஒருவரும் கை வைக்கவில்லை. பாவா முதல் பிடியை எடுத்து வாயில் வைக்க வேண்டும். பிறகுதான் மற்றவர்கள் தொடுவார்கள். அவருடைய பாட்டனார் காலத்திலிருந்து அந்தத் தைக்காவின் முறை அது.

பாவா சஹன் முன்னால் உட்கார்ந்தார். குனிந்தார். ஒரு கணம் அப்படியே இருந்தார்.

பிறகு சோற்றைப் பிசைந்தார். ஒரு துண்டு மீனைப் பிய்த்து வைத்தார். உருட்டினார்.

நெய்னா அடுப்பருகே கரண்டியோடு நின்றார். எப்போதும் பாவா சட்டென்று சாப்பிடுகிறவர். இன்று கை ஏன் இவ்வளவு மெதுவாக ஏறுகிறது?

பிடி நெஞ்சுவரை வந்தது.

தாடிவரை வந்தது.

பாவா அவரைப் பார்க்கவில்லை. அந்தப் பிடியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

கரண்டி கீழே விழுந்த சத்தம் நெய்னாவுக்குக் கேட்கவில்லை. யார் காலை மிதித்தோம், எந்தத் தண்ணீர்க் குவளையைத் தட்டிவிட்டோம் என்றும் தெரியவில்லை. பாவாவின் மணிக்கட்டு அவர் கைக்குள் இருந்தது. பிடி பாயில் உதிர்ந்து கிடந்தது.

"வேணாம் பாவா."

"ஏன் காக்கா?"

"மீன் கெட்டிருக்கலாம்."

"இருக்கலாமா?"

"எனக்குத் தெரியாது பாவா. எனக்கு வாசனை தெரியாது. காய்ச்சலுக்கு அப்புறம் ஒண்ணும் தெரியலை."

"சத்தமாச் சொல்லுங்க. கடைசி வரிசைக்குக் கேக்கலை."

நெய்னா பாவாவின் முகத்தைப் பார்த்தார். அதில் கோபம் இல்லை. இரக்கமும் இல்லை.

நெய்னா நிமிர்ந்து நின்றார். சத்தமாகச் சொன்னார். கடைசி வரிசைக்கும் திரைக்கு அப்பாலும் கேட்கும்படி சொன்னார்.

சஹன்களைச் சுற்றி உட்கார்ந்தவர்கள் பின்னால் நகர்ந்தார்கள்.

பின்னாலிருந்து நூகு லெப்பை மெல்ல எழுந்தார்.

"அப்ப என் பூவு?"

"அது பூவே இல்ல லெப்பை. என்னை மன்னிச்சிருங்க."

சவேரியாளைக் கூப்பிட்டார்கள். அவள் புகைக்கு வெளியே, கடற்காற்றுப் பக்கமாக ஒரு துண்டைக் கொண்டுபோய் முகர்ந்தாள். உடனே கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

"காலையில சொன்னேனே பண்டாரி" என்றாள். வேறு ஒன்றும் சொல்லவில்லை.

அடித்திருந்தால்கூட நெய்னாவுக்கு அவ்வளவு வலித்திருக்காது.

சஹன்களைத் தூக்கினார்கள். மணலில் குழி தோண்டி எல்லாவற்றையும் கொட்டினார்கள். மண்ணைத் தள்ளி மூடும்போது நெய்னாவும் கையால் அள்ளிப் போட்டார். குழியோரத்திலேயே உட்கார்ந்துவிட்டார். எத்தனை பேர், எத்தனை பேர் என்று வாய் முணுமுணுத்தது.

யாரோ அவரைத் தூக்கி அடுப்பருகே கொண்டுபோனார்கள். கூட்டம் பசியோடு இருந்தது. வெங்காயம் மிச்சம் இருந்தது. தக்காளி ஒரு கூடை மிச்சம் இருந்தது. பழைய டப்பாவின் அடியில் போன கந்தூரியில் மிஞ்சிய குங்குமப்பூ கொஞ்சம் இருந்தது.

நெய்னா சட்டியைத் தேய்த்துக் கழுவச் சொன்னார். பிறகு அதுவும் வேண்டாமென்று வேறு சட்டியே வைக்கச் சொன்னார். பூண்டை எடுத்தவர் சட்டியில் போடாமல் சவேரியாளிடம் நீட்டினார்.

"பாரு தாயி."

அவள் முகர்ந்தாள். "நல்லாருக்கு."

எண்ணெயை நீட்டினார். தக்காளியை நீட்டினார். குங்குமப்பூவை நீட்டினார். அவள் அதை வாங்கிக் கொஞ்ச நேரம் வைத்திருந்தாள்.

"இது வேற மாதிரி இருக்கு பண்டாரி."

"எப்படி?"

"வெயில்ல காஞ்ச தேன் மாதிரி."

"அதுதான்" என்றார் நெய்னா. வாங்கி வெந்நீரில் ஊறப்போட்டார்.

மீனில்லாத ஆணத்தை ஊர் சாப்பிட்டது. நன்றாக இருந்தது என்று யாரும் சொல்லவில்லை. ஒருவர் விடாமல் சாப்பிட்டார்கள். போகும்போது சிலர் நெய்னாவின் முகத்தைப் பார்க்காமல் போனார்கள், சிலர் பார்த்துவிட்டுப் போனார்கள். இரண்டுமே கடினமாகத்தான் இருந்தது.

எல்லோரும் போனபிறகு நெய்னா பாவாவின் எதிரில் வந்து உட்கார்ந்தார். வெயில் இறங்கத் தொடங்கியிருந்தது.

"எனக்கு மூக்கு இல்லைன்னு உங்களுக்குத் தெரியுமா பாவா?"

"அன்னைக்கு உங்க கையில தடவுனது தண்ணி."

நெய்னா தன் புறங்கையைப் பார்த்துக்கொண்டார்.

"அப்பவே கேட்டிருக்கலாமே?"

"அது என் மூக்கா காக்கா?"

நெய்னா குழி மூடிய பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"இன்னைக்கு மீன் கெட்டிருந்தது உங்களுக்குத் தெரியுமா?"

"சஹன்ல குனிஞ்சதும் தெரிஞ்சுது."

"தெரிஞ்சும் பிடியை எடுத்தீங்களா?"

"எடுத்தேன்."

"நான் வராம இருந்திருந்தா?"

பாவா வலது கையை நீட்டிக் காட்டினார். கழுவித் துடைத்து வெகுநேரம் ஆகியும் அந்த விரல்கள் இன்னும் நடுங்கிக்கொண்டிருந்தன.

"உங்களுக்குமா பயம் பாவா?"

"எனக்குந்தான்."

அலைச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. பூனை எங்கிருந்தோ வந்து இருவருக்கும் நடுவே படுத்தது.

"சரி" என்றார் பாவா. "கந்தூரி முடிஞ்சுது. நான் சொன்ன சொல் இருக்கு. இப்படிக் கிட்ட வாங்க."

நெய்னா நகர்ந்து உட்கார்ந்தார்.

பாவா கண்ணை மூடி உதட்டுக்குள் ஓதினார். நெய்னாவின் நெஞ்சுக்கு நேராகக் குனிந்தார். ஊதுவதற்கு வாயைக் குவித்தார்.

நெய்னா இரண்டு கைகளாலும் நெஞ்சைப் பொத்திக்கொண்டார்.

"ஊதிடாதீங்க பாவா."